பாண்டீஸ்வரி கேட்ட முப்பது நாள்

1

இந்தக் கதை ஒரு கைதட்டலில் பிறந்தது. தட்டியவர்களில் நானும் ஒருவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் மற்றவர்களைத் திட்டும்போது என்னை யோக்கியன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பேன். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கதை எழுதுவேன். போன ஆடியில் வெள்ள மீட்பு ஒத்திகையைப் படம்பிடிக்க ஓர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். எந்த அலுவலகம், எந்தத் துறை என்று எழுத மாட்டேன். ஒன்றின் பெயரை எழுதினால் மற்றதெல்லாம் தப்பித்தோம் என்று காலை நீட்டிவிடும். அந்தச் சுகத்தை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

2

தொடக்கம் அ: "கண்மாய்க் கரையில் ஷாமியானா போட்டிருந்தார்கள்."

(வேண்டாம். ஷாமியானாவில் தொடங்கினால் கதை நாற்காலிகளைப் பற்றியதாகிவிடும். நாற்காலிகளைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள்.)

தொடக்கம் ஆ: "நீரின் ஆழத்தில் ஒளி பச்சையாக நடுங்க, பாண்டீஸ்வரி தன் கைகளால் மௌனத்தைத் துழாவி..."

(எழுதிவிட்டு நானே ரசித்தேன். அப்புறம் வெட்கமாக இருந்தது. கிணற்றுக்குள் ஒளி பச்சையாகவும் நடுங்காது, ஒரு மண்ணும் நடுங்காது. கலங்கல் தண்ணீரில் தன் கையே தெரியாது என்று பாண்டீஸ்வரி சொன்னாள். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இ: "அவளுக்கு முப்பது நாள் வேண்டும்."

இதுதான் சரி. கதையில் நடப்பதெல்லாம் இந்த முப்பது நாளுக்காகத்தான். கிடைத்ததா என்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருங்கள். என்னையல்ல, கேட்க வேண்டியவர்களை.

3

ஆளைச் சொல்கிறேன். பாண்டீஸ்வரிக்கு முப்பத்தாறு வயது. பிறந்தது வ. புதுப்பட்டி, வாக்கப்பட்டது சேத்தூர். புருஷன் சிவபாண்டி லோடு வண்டி ஓட்டுகிறான். ஒரே மகள் மகாலட்சுமி, மூன்றாம் வகுப்பு. பாண்டீஸ்வரி தினமும் பஸ்ஸில் போய், சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் துணி மடித்துப் பாக்கெட் போடுகிறாள். ஊர் ஊராகக் காயத்தில் சுற்றுகிற துணி.

தோட்டத்துக் கிணற்றில் அண்ணன்மாரோடு விழுந்து நீச்சல் பழகியவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மீட்புத் தன்னார்வலர் பயிற்சி என்று பன்னிரண்டு நாள் நடத்தினார்கள். போனாள். ஒரு மஞ்சள் கோட்டும் படம் ஒட்டிய அட்டையும் கொடுத்தார்கள். நாற்பது ஆண்கள், மூன்று பெண்கள். ஒருத்தி கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். இன்னொருத்தியை வீட்டில் விடவில்லை. மிச்சம் இவள் ஒருத்திதான்.

இங்கேதான் சிக்கல். எங்கள் பக்கம் கிணற்றில் விழுந்தது பொம்பளைப் பிள்ளை என்றால், பெற்றவர்கள் ஆணை இறங்க விட மாட்டார்கள். உயிர் இருக்கும் என்று நம்பும்போது யார் வேண்டுமானாலும் இறங்கலாம். நேரம் கடந்து, இனி இல்லை என்று தெரிந்துவிட்டால் பேச்சு மாறிவிடும். "எம்புள்ளைய ஆம்பள தொடக் கூடாது. பொம்பள யாராச்சும் இருந்தாக் கூப்பிடுங்க." இறங்க ஆளில்லை என்றால் கொக்கி வைத்த பாதாளக்கரண்டியைக் கயிற்றில் விட்டுத் துழாவ வேண்டும். அது எதை எங்கே கிழிக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பாண்டீஸ்வரிக்குப் போன் வரும்.

அவள் இறங்குவாள். தேடி எடுப்பாள். கயிற்றைக் கட்டுவாள். கட்டியதும் மேலே இழுக்கச் சொல்ல மாட்டாள். தண்ணீருக்குள்ளேயே இறந்தவளின் சேலையைச் சரிசெய்வாள். கொசுவத்தைச் செருகி, முந்தானையைச் சுற்றி இழுத்து, ஊக்கு மாட்டுவாள்.* மேலே நூறு பேர் நூறு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் சரியான பிறகுதான் கயிற்றை இரண்டு தரம் ஆட்டுவாள்.

(* ஊக்கு அவளுடையது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் டஜனாக வாங்கி வைத்திருக்கிறாள். இதைப் பன்னிரண்டு நாள் பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.)

ஆறு வருஷத்தில் பதினொரு பேர்.

4

வேலை முடிந்ததும் என்ன நடக்கும்? தீயணைப்பு வண்டி நிலையத்துக்குத் திரும்பும். அவர்களுக்கு ஷிப்ட் உண்டு, விடுப்பு உண்டு, இப்போது வருஷத்துக்கு இரண்டு தடவை மனநல முகாம் உண்டு. டாக்டர் ஒருவர் உட்கார்ந்து பேசுவார். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பார்க்கிறதுக்கு இரண்டு தடவை போதாது.

பாண்டீஸ்வரிக்குக் கிடைப்பது பம்பு செட்டு. "தலைக்கு ஊத்திட்டுப் போம்மா, தீட்டோட வீட்டுக்குப் போகாத" என்று யாராவது மோட்டாரைப் போட்டுவிடுவார்கள். தொட்டியில் முங்கி எழுந்து, ஈரச் சேலையோடு பஸ் ஏறுவாள். ஆறு வருஷமாக இந்த அரசாங்கமும் சமூகமும் சேர்ந்து அவளுக்குக் கொடுத்த மனநலப் பாதுகாப்பு, ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்று. அதையும் கொடுத்தது தோட்டக்காரர்.

5

பதினொன்றாவது ஆள் ஏழு வயதுப் பிள்ளை. சித்திரையில், வத்திராயிருப்புப் பக்கம். (பெயர் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாள், நான் வைக்கிற பெயர் அவளுக்கு எதற்கு?)

விழுந்து பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது என்று ஒருவர் சொன்னார். அரை மணி என்றார் இன்னொருவர். பாண்டீஸ்வரி முதல் ஆளை நம்பினாள். தற்செயலாகப் பக்கத்து ஊர் விசேஷ வீட்டுக்கு வந்திருந்தாள், ஓடிப்போய் இறங்கினாள். பிள்ளையை மேலே கொண்டுவந்து மேட்டில் கிடத்தி நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். முப்பது அமுக்கு, இரண்டு ஊது. பயிற்சியில் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். டாக்டரோ ஆம்புலன்ஸ் ஆளோ வந்து நிறுத்தச் சொல்லும் வரைக்கும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. நாற்பது நிமிஷமும் அமுக்கினாள். பிள்ளையின் அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு அமுக்கையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் தம்பி வந்து, பார்த்து, அவள் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னான்.

பிறகு பம்பு செட்டு. பிறகு பஸ். மறுநாள் பேண்டேஜ் கம்பெனி.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகாலட்சுமிக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். சீயக்காய் கண்ணில் படாமல் இருக்க எல்லாப் பிள்ளைகளும் செய்வதைத்தான் மகாவும் செய்தாள். கண்ணை இறுக்க மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் நின்றாள். பாண்டீஸ்வரி செம்பைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையைப் பளாரென்று அறைந்தாள். உலுக்கினாள். "மூச்ச விடுடி" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு அங்காளம்மாள் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அதிலிருந்து மகாலட்சுமி அங்காளம்மாள் வீட்டில்தான் குளிக்கிறாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் பாண்டீஸ்வரி எழுந்து தெருமுனைக்குப் போய்விடுகிறாள். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்ட முடியவில்லை. கதையில் எது பணயம் என்று கேட்கிற விமர்சகர்கள் இந்தப் பத்தியைக் குறித்துக்கொள்ளலாம்.

7

ஆனியில், மனநல முகாமில் தன்னையும் சேர்க்கச் சொல்லி மனு எழுதினாள். தன்னார்வலர் குழுவின் ஒருங்கிணைப்பாளர் வைகுண்டராஜ் கூடப் போனார். ராஜபாளையத்துக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். போன் போட்டு இவளை வரச் சொல்கிறவரும் அவர்தான். அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் கண்காணிப்பாளர் சுந்தரபாண்டியன்.

(சுந்தரபாண்டியனை வில்லனாக்க எனக்கு ரொம்ப ஆசை. வெற்றிலைக் கறை, மோதிரம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார், டீ வாங்கித் தந்தார். மனுவைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். படுபாவி, நல்ல மனுஷனாக இருந்து தொலைத்தார். கெட்டவனாக இருந்தால் மாற்றல் வாங்கிக் கொடுத்துக் கதையை முடித்துவிடலாம்.)

"முகாம் ஸ்டாஃபுக்கு மட்டும்தாம்மா. எம்ப்ளாயி நம்பர் போட்டாத்தான் பேரு ஏறும்."

"எங்கிட்டயும் அட்டை இருக்கு சார்."

"அது வாலண்டியர் அட்டை. அதுல நம்பர் கிடையாது."

"சரி சார், முகாம் வேண்டாம். பெரியாஸ்பத்திரில நானே போயிக் காட்டிக்கிடுதேன். முப்பது நாளு என்னையக் கூப்பிடாம இருந்தாப் போதும். பொறவு வாரேன்."

"லீவு கேக்கீகளா?" சுந்தரபாண்டியன் நிஜமாகவே குழம்பிவிட்டார். "வேலை பாக்கிறவுகளுக்குத்தாம்மா லீவு. நீங்க இஷ்டப்பட்டு வாரீக. இஷ்டம் இல்லன்னா வராதீக. உங்கள யாரும்மா கட்டாயப்படுத்துனா?"

"நான் வரலன்னா யாரை எறக்குவீக?"

"அதான் நீங்க இருக்கீகளே."

வைகுண்டராஜ் குறுக்கே வந்தார். "சார், இந்தப் புள்ளைக்கு முடியல. எழுத்துல குடுங்க, இன்ன தேதி வரைக்கும் கூப்பிடக் கூடாதுன்னு. இல்லன்னா ஒவ்வொரு தடவையும் நாந்தான் கூப்பிட வேண்டியிருக்கு."

"அப்படி ஒரு ஆர்டருக்கு மாடலே கிடையாதுங்க. மூணு தடவை கூப்பிட்டு வரலன்னா பட்டியல்ல இருந்து பேரை எடுக்கலாம். அதுக்கு ரூல் இருக்கு."

"அப்பம் எடுத்துருங்க சார்" என்றாள் பாண்டீஸ்வரி.

"எடுத்தா அடுத்த மாசம் ஒத்திகைக்குப் பொம்பள வாலண்டியர் யாரும்மா இருக்கா? மேலிடத்துப் பெரியவுக வாராக."

கேட்டீர்களா? வர இஷ்டமில்லையென்றால் வராமல் இருக்கலாம், ஆனால் வரவில்லையென்று எழுத முடியாது. வேலைக்காரி இல்லை, அதனால் ஓய்வு இல்லை. அவளை விட்டால் ஆளில்லை, அதனாலும் ஓய்வு இல்லை. மனு இன்றைக்கும் அந்த மேஜையில்தான் இருக்கிறது.

8

ஒத்திகை. இனி நான் வருகிறேன்.

நிகழ்ச்சி நிரல் அச்சடித்துத் தந்திருந்தார்கள். மீட்பு மூன்று நிமிடம், முதலுதவி இரண்டு நிமிடம், ஆம்புலன்ஸ் வருகை, சிறப்பு விருந்தினர் உரை. தண்ணீரில் போட ஒரு ரப்பர் பொம்மை. தத்ரூபமாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு மேதாவி அதற்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் மாட்டியிருந்தார். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் அளவு.

பாண்டீஸ்வரி பொம்மையைப் பார்த்தாள். மஞ்சள் கோட்டின் பட்டனைப் போட்டுக்கொண்டு கண்மாயில் இறங்கினாள். பொம்மையை ஏந்திக்கொண்டு கரை ஏறினாள். எனக்கு போகஸ் தவறிவிட்டது.

"இன்னொரு தடவை" என்றேன்.

(இந்த வரியை மூன்று முறை அடித்தேன். மூன்று முறையும் திரும்ப எழுதினேன்.)

அவள் பொம்மையைத் திரும்பக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டு, மறுபடி தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். கரையில் கிடத்தினாள். பொம்மையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தாள். அமுக்கத் தொடங்கினாள்.

இரண்டு நிமிடம் ஆனது. ஆம்புலன்ஸ் வரவில்லை. ஒத்திகைக்கென்று நிறுத்தியிருந்த வண்டி மெயின் ரோட்டில் நிஜ விபத்துக்குப் போய்விட்டது. விதி உங்களுக்குத் தெரியும், சொல்ல வேண்டியவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. மேடையில் சிறப்பு விருந்தினர் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, "என்ன டெடிகேஷன் பாருங்க" என்றார். மைக் திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அவர் தட்டத் தொடங்கினார். ஷாமியானாவே தட்டியது. கேமராவை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நானும் தட்டினேன்.

இருபத்து மூன்றாவது நிமிடத்தில் வைகுண்டராஜ் மேடையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து, மண்டிபோட்டு, அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். "போதும் தாயி, போதும்" என்றார். அவர் மட்டும்தான் அழுதுகொண்டிருந்தார்.

சுதந்திர தினத்தன்று அவளுக்குச் சிறந்த தன்னார்வலர் சான்றிதழ் கொடுத்தார்கள்.

9

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோதுதான் ஹெட்போனை மாட்டினேன். அவள் கோட்டில் நான் மைக் குத்தியிருந்தேன். தண்ணீரில் நனைந்தும் அது வேலை செய்திருக்கிறது.

முதல் ஆறு நிமிடம் எண்ணுகிறாள். பிறகு எண்ணிக்கை நின்றுவிடுகிறது. "கண்ணத் தொற. கண்ணத் தொறந்து பாரு." கடைசி நான்கு நிமிடம் ஒரே வாக்கியம்தான். "அம்மா இனிமே அடிக்க மாட்டேன் மகா, மூச்ச விடு."

அதற்கு மேலே, கேமராவின் மைக்கிலிருந்து, நான் கைதட்டுகிற சத்தம் கேட்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் இருந்ததால் என் தட்டல்தான் பெரிதாகப் பதிவாகியிருக்கிறது.

அலுவலகம் நாற்பது விநாடிக்குக் கேட்டிருந்தது. குரலை எடுத்துவிட்டு எழுச்சியாக ஒரு இசையைப் போட்டுக் கொடுத்தேன். அவர்களுக்குப் பிடித்துப்போனது. ஒரு வாரம் கழித்துச் சேத்தூருக்குப் பஸ் ஏறி, அவள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். "உள்ள வாங்கண்ணே, எதுக்கு வெயில்ல நிக்கீக" என்றாள். மேலே எழுதியதில் பாதி அன்றைக்கு அவள் சொன்னது.

10

முடிவுகள். மூன்று எழுதினேன். நேற்று அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கத்தான், ஆனால் டாக்டர் அன்றைக்கு வேறு ஊரில் டூட்டியாம். திரும்பும் வழியில் ஸ்டுடியோவுக்கு வந்தாள். படித்துக் காட்டினேன்.

முதல் முடிவில் ஆணை வருகிறது. முப்பது நாள் ஓய்வு, டாக்டர், எல்லாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாவின் தலையில் அவள் தண்ணீர் ஊற்றுகிறாள்.

"யாருண்ணே குடுத்தா ஆர்டரு?"

"கதையில..."

"கதையில குடுக்கதுக்கு என்ன, எம்புட்டு வேணாலும் குடுக்கலாம்."

இரண்டாம் முடிவில் பன்னிரண்டாவது கிணற்றிலிருந்து அவள் மேலே வருவதில்லை. வாசகர்கள் அழுவார்கள், பரிசுகூடக் கிடைக்கலாம் என்று நினைத்துத்தான் எழுதினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"பன்னெண்டாவது ஆளா என்னையவே போட்டுட்டீகளாக்கும். என்னையத் தூக்க யாருண்ணே வருவா? பொம்பள ஆளு வேற இல்லையே."

நான் அந்தத் தாளைக் கிழித்தேன். மூன்றாவதில் அவள் சான்றிதழைச் சுந்தரபாண்டியன் மேஜையில் வீசி எறிந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கிறாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அதுதான்.

"நான் எறியலண்ணே. பீரோ மேல இருக்கு. மகா அத ஸ்கூலுக்குக் கொண்டுபோயி மிஸ்ஸுட்டக் காட்டுனா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "உங்களுக்குக் கோவம் இருந்தா நீங்க எறியுங்க. எனக்கு எறியவெல்லாம் தெம்பு இல்ல. எனக்கு முப்பது நாளு வேணும், அம்புட்டுத்தான்."

அப்போது அவள் போன் அடித்தது.

11

வைகுண்டராஜ். ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாயி, ஒன்னக் கூப்பிடக் கூடாதுன்னுதான் ஒரு மணி நேரமா ஒக்காந்திருந்தேன். அய்யனார் கோவில் போற வழியில ஒரு தென்னந்தோப்பு. பத்து வயசுப் புள்ள. காலையிலயே விழுந்திருக்கு. தெரிஞ்சது மத்தியானந்தான். எங்க ஆளுக அஞ்சு பேரு நிக்கோம். அவ அம்மா கெணத்து வாயில படுத்துக்கிட்டு யாரையும் எறங்க விடமாட்டேங்கா." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. "நீ வரலன்னு சொல்லு. நான் பாதாளக்கரண்டியப் போடச் சொல்லிருதேன். நீ சொல்லு, அது போதும்."

பாண்டீஸ்வரி போனைப் பிடித்தபடி நின்றாள். என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டே, வெட்கங்கெட்டவன் நான், பேனாவைத் தேடினேன்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். வருகிறேன் என்று சொன்னதாக எழுதினால் நீங்கள் அவளை வீராங்கனை என்பீர்கள், அடுத்த ஆடிக்கும் கூப்பிடுவார்கள். வரவில்லை என்று சொன்னதாக எழுதினால், கிணற்று வாயில் படுத்திருக்கும் அந்த அம்மாவைப் பற்றி அவளிடம் கேட்பீர்கள். இரண்டு பதிலும் அவள் தலையில்தான் விடியும். முப்பத்தாறு வயது பேண்டேஜ் கம்பெனிக்காரி மேல் இந்த மாவட்டமே சாய்ந்து நின்றுகொண்டு, இஷ்டப்பட்டுத்தானே வந்தாய் என்று கேட்கும்.

இந்தக் கதைக்கு முடிவு எழுத வேண்டியது நான் இல்லை. அதனால் அலுவலகத் தமிழில் ஒரு வாக்கியம் மட்டும் தயார் செய்து தருகிறேன். மாடல் இல்லை என்றாரே சுந்தரபாண்டியன், இதோ மாடல்:

"மீட்புப் பணியில் இறங்கும் தன்னார்வலர் எவருக்கும், பணியாளர் எண் இல்லை என்ற காரணத்தால் மறுக்காமல், ஒவ்வொரு மரணத்துக்குப் பின்பும் கேட்காமலேயே முப்பது நாள் ஓய்வும் மனநல மருத்துவரின் கவனிப்பும் வழங்கவும், ஓய்விலிருப்பவரை அழைக்க எவருக்கும் அதிகாரமில்லை எனவும், ஒருவர் ஓய்வில் இருக்கும்போது இறங்குவதற்குத் தாலுகாவுக்கு நான்கு பெண்களையேனும் பயிற்றுவித்துத் தயாராக வைத்திருப்பது இந்த அலுவலகத்தின் பொறுப்பு எனவும் ஆணையிடப்படுகிறது.

ஒப்பம்:"

ஒப்பத்துக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் இருக்கிறீர்கள். மற்றவர்கள் அந்த நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள். கதை நன்றாக இருந்தது என்று எனக்கு எழுதாதீர்கள்.

போனில் வைகுண்டராஜ் இன்னும் காத்திருக்கிறார்.